மாடிக்குத் தூங்கப் போன பையன்

அந்த வீட்டுக்கு மாடி கிடையாது.
படி மட்டும் நான்கு.
நாலாவதில் ஏறி நின்றால்
தலைக்கு மேல் விளக்குக் கம்பி,
அந்தப் பக்கம் ஒரு மணல் வாளி,
அதில் முல்லின்ஸ் அணைத்துப் போட்ட சிகரெட்டுகள்.

மன்ஹாட்டனின் மேற்கோரம்,
ரொட்டிக் கம்பெனி காலி செய்துபோன கிடங்கில்
எல்லரி என்று ஓர் ஊரை
வீட்டுக்கு மூன்று சுவர் வீதம் நிறுத்தியிருந்தோம்.
திங்கள் முதல் வெள்ளி வரை, பகல் ஒன்றரைக்கு,
கால் மணி நேரம் அங்கே ஆட்கள் இருப்பார்கள்.
பதிவு எதுவும் இல்லை.
குளித்த தண்ணீரை யார் எடுத்து வைப்பார்?

நான் இர்மா ஸ்டோல்ஸ். என்னிடம் இருந்தது அட்டைப் பெட்டி.
யார் யாரை மணந்தார்கள்,
யாருக்கு எந்தக் கண்ணில் பார்வை போனது,
உயில் எந்த அலமாரியில், எல்லாம்.
சடலம் கிடைக்காத சாவுகளுக்கு மஞ்சள் அட்டை.
அவர்கள் திரும்பி வருவார்கள்.

சம்பளம் கூட்டிக் கேட்ட டாக்டர்
வியாழக்கிழமை கோமாவில் விழுந்தார்.
தலை முழுக்கக் கட்டோடு பத்து நாள்
வேறொருவன் படுத்திருந்தான்.
ஒப்பந்தம் கையெழுத்தானதும் டாக்டர் கண் திறந்தார்.
கதையில் கன்னியான நாயகி நிஜத்தில் கர்ப்பம்;
அந்தக் குளிர்காலம் முழுக்க
மளிகைப் பையை அவள் கீழே வைக்கவே இல்லை.
கதவை அறைந்து சாத்தக் கூடாது, சுவரும் கூடவே வரும்.
'அழுக்கு' என்ற சொல் யார் வாயிலும் வரக் கூடாது,
காசு கொடுப்பது சோப்புக் கம்பெனி.
எல்லரியில் துரோகம் உண்டு, விஷம் உண்டு,
கள்ளக் கையெழுத்து உண்டு.

ஐம்பத்தாறு நவம்பரில்
டோபி, வயது ஏழு,
"குட் நைட் அம்மா" என்று நாலு படி ஏறினான்.
முல்லின்ஸ் அவனை அள்ளி அந்தப் பக்கம் இறக்கினார்.
மறுநாள் பையனுக்கு நிஜமாகவே அம்மை போட்டது.
அதற்குள் எழுத்தாளர் பக்கத்து வீட்டுக்குத் தீ வைத்துவிட்டார்.
அப்புறம் ஒரு வழக்கு, ஒரு இரட்டைச் சகோதரி.
சாப்பிட வா என்றுகூட
யாரும் அவனைக் கீழே கூப்பிடவில்லை.

நெப்ராஸ்காவிலிருந்து கடிதம் வந்தது.
மிஸஸ் வெர்னா டெஷ்.
"துணி தேய்த்துக்கொண்டே பார்ப்பவள் நான்.
பையன் மாடிக்குப் போய் பதினேழு மாதம் ஆகிறது.
நடக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை.
யாராவது போய்ப் பார்த்தீர்களா?"

ஆபீசில் உரக்கப் படித்துச் சிரித்தார்கள்.
நானும்தான்.
ஐந்து மணிக்கு மேல், எல்லோரும் போனபின்,
டைப்ரைட்டரின் உறையைக் கழற்றினேன்:
"காய்ச்சல் விட்டுவிட்டது. சூப் குடிக்கிறான்.
ஜன்னலோரம் உட்கார்ந்து
சரக்கு ரயிலுக்குப் பெட்டி எண்ணுகிறான்."
கீழே அவன் அம்மாவின் பெயரைப் போட்டேன்.

மூன்று வாரத்தில் ஒரு பொட்டலம்.
சிவப்புக் கம்பளிக் கையுறை, ஒரு ஜோடி.
அளவு எட்டரை வயதுக்கு.
அவள் கணக்கில் அவன் வளர்ந்திருந்தான்.
என் அட்டையில் இன்னும் ஏழு.

அறுபத்தொன்றில் புது எழுத்தாளருக்கு
ஒரு காதலன் தேவைப்பட்டான்.
டோபி இறங்கி வந்தான்:
நாலே படி, இருபத்திரண்டு வயது, சட்டப் படிப்பு,
மோவாயில் ஒரு குழி.
அம்மா "தூங்கினாயா?" என்றாள்.
ஆர்கன்காரர் இனிப்பாக ஏதோ வாசித்தார்.

நெப்ராஸ்கா இந்த முறை இரண்டே வரி எழுதியது.
"இவனை எனக்குத் தெரியாது.
அந்தப் பையனை என்ன செய்தீர்கள்?"

இதற்கு என்னால் பதில் அடிக்க முடியவில்லை.
காகிதத்தைச் செருகி, உருவி, மறுபடி செருகி,
ஆறரைக்கு விளக்கை அணைக்க முல்லின்ஸ் வந்தார்.
இரண்டு நிமிடம் பொறுங்கள் என்றேன்.
டோபியின் வெள்ளை அட்டையை எடுத்து
மஞ்சள் அட்டையில் பெயர்த்து எழுதினேன்.
பெயர், அம்மை, ரயில் பெட்டிகள், கையுறை.
எல்லாம் மையில்.
வயது மட்டும் பென்சிலில்.